நான் அழித்த எட்டு கேசட்டுகள்

என் தம்பியின் எட்டு மூலக் கேசட்டுகளை அழித்தவன் நான். மழையில் கெட்டுப்போயின என்று நீங்கள் இத்தனை காலமும் கேட்டது பொய். தம்பியின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களிடம் முதலில் அதைச் சொல்லியாக வேண்டும்.

தம்பி ஆலங்குடியில், எனக்கு ஆறு ஆண்டு இளையவராகப் பிறந்தார். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு ஒரு ரிக்கார்டரோடு திரும்பினார். கிட்டாரும் டிரம்ஸும் அதிரக் கத்திப் பாடுகிற பங்க் இசை அங்கே அவரைப் பிடித்துக்கொண்டது. இங்குள்ள இளைஞர்களைப் பாட வைத்து, ‘கருவமுள் கேசட்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டார். நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றியும் டீக்கடைத் தனிக்குவளையைப் பற்றியும் பாடினார்கள். யாருடைய பாட்டிலும் ஒரு சொல்லைக்கூட அவர் வெட்டியதில்லை.

நான் தமிழாசிரியர், பட்டிமன்றப் பேச்சாளர். அந்தச் சத்தம் எனக்கு அவமானமாக இருந்தது. மேலே யாரும் பதிந்துவிடாதபடி கேசட்டுகளின் முதுகிலுள்ள சின்னத் தக்கைகளைத் தம்பி உடைத்து வைத்திருந்தார். ஒரு விடுமுறையில் அந்தத் துளைகளைத் தாள் ஒட்டி அடைத்து, என் பேச்சுகளைப் பதிந்துகொண்டேன். அவர் தேடியபோது, பரணில் மழை ஒழுகிப் பூஞ்சை பிடித்துவிட்டது, எரித்துவிட்டேன் என்றேன். பரணில் வைத்தவர் அவர்தான், நம்பிவிட்டார்.

பாடியவர்களிடமெல்லாம் போய்த் தன் கவனக்குறைவு என்று சொன்னார். பிறகு எவரும் அவரிடம் பாட்டைத் தரவில்லை. கருவமுள் நின்றது. அவர் மணம் செய்துகொள்ளாமல் என்னோடே இருந்தார். உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். சொல்லாமல் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடவும் முடியவில்லை. முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

சென்ற ஆண்டு நுரையீரல் நோயில் படுத்தார். பழைய பிரதி ஒன்றைக் கேட்ட சென்னை இளைஞர்கள் இருவர், எட்டையும் மறுபடி வெளியிட மூலம் வேண்டும் என்று வந்தார்கள். தம்பி அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் போனதும் சொன்னேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார். “எங்கிட்டச் சொல்லி என்னண்ணே ஆகப்போவுது? நான் யார் யாருகிட்ட என் தப்புன்னு சொன்னேனோ, அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க.”

போனேன். கந்தர்வக்கோட்டையில் ஒருவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் தங்களிடமிருந்த பிரதிகளைக் கொடுத்தார்கள். ஏழு கிடைத்தன, முதல் கேசட் மட்டும் எங்கும் இல்லை. அதில் பாடிய ஆரோக்கியம் இலுப்பூரில் தையல் கடை வைத்திருக்கிறார். மிஷினை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

“பாட்டுப் போனாப் போகுதுங்க சார். அவர பஸ் ஸ்டாண்டுல வச்சு, பத்துப் பேரு முன்னால கிழிகிழின்னு கிழிச்சேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. நீங்களும் பக்கத்துலதான சார் நின்னீங்க?”

நின்றேன்.

அன்றே என்னோடு பஸ் ஏறினார். தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருவரும் பேசியது எனக்குக் கேட்கவில்லை, சிரித்தது கேட்டது. பதினொரு நாள் கழித்துத் தம்பி காலமானார்.

ஏழு கேசட்டுகளும் இப்போது வெளிவந்துவிட்டன. பிரதி தந்தவர்களுக்கும், வெளியிட்ட இளைஞர்களுக்கும், கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரியத்தன்று ஆரோக்கியத்துக்கும் கைகூப்பி நன்றி சொன்னேன்.

“நான் அவருக்காக வந்தேன் சார்” என்றார்.