நாலு ஜோடி செருப்பும் பதினேழாம் கேள்வியும்

அடுத்தவர் வீட்டுச் சங்கதியை, அவர்கள் கொடுத்த மோரையே குடித்துக்கொண்டு விசாரிக்கிற தொழில் என்னுடையது. மாட்டுக் கணக்கோ மக்கள் கணக்கோ, படிவத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வாசல் வாசலாக நின்ற சக பாவிகளே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை ஆராய்ச்சி நடத்தினார். 'மூளை வளர்ச்சி குன்றியவர்கள்' என்று அப்போது எழுதுவோம். அவர்களில் வயது வந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. ஆட்டிசம் என்ற சொல் எங்கள் கூட்டத்தில் பேராசிரியை ஒருவருக்குத்தான் தெரியும். படிவத்தில் அதற்கு இடம் இல்லாததால் அவரும் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

கூடுவாஞ்சேரிக்கும் கடற்கரைக்கும் நடுவில் என் சைக்கிள் நுழையாத சந்து கிடையாது. திருப்போரூரில் ஒரு நாய் என் படிவங்களில் நாலைத் தின்றுவிட்டது. அன்று முதல் அதன் வால் கேள்விக்குறி மாதிரியே நின்றது. நம்பாதவர்கள் அந்தத் தெருவில் விசாரிக்கலாம். நாய்தான் இப்போது இல்லை.

சங்கிலி

கூடுவாஞ்சேரியில் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர். அவர் மகன் சேகருக்கு இருபத்தெட்டு வயது, பேச்சு வராது. படிவத்தின் முதல் வரி 'தகவல் தருபவர்'. அதற்கு எதிரே தந்தை, தாய், காப்பாளர் என்று மூன்று கட்டங்கள். நாலாவது கட்டம் கிடையாது. எனவே நான் விதிப்படி தந்தையைப் பார்த்து உட்கார்ந்தேன். யாரைப் பற்றிய ஆராய்ச்சியோ அவர் என் முதுகுப் பக்கம் இருந்தார். "கைத்தொழில் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியாது சார்" என்றார் தந்தை. 'தெரியாது' என்று எழுதினேன்.

வெளியே வந்தால், ஒரு மாதமாகப் பர்லாங்குக்கு ஒரு தரம் கழன்றுகொண்டிருந்த என் சைக்கிள் சங்கிலி விறைப்பாக நிற்கிறது. சேகரின் விரல்களில் கறுப்பு எண்ணெய். அன்று நான் மிதிப்பதை நிறுத்திய பிறகும் வண்டி சிங்கப்பெருமாள்கோயில் வரை தானாக ஓடியது. புறப்படுமுன் படிவத்தை மறுபடி பிரித்து, "பதிலை மாற்றட்டுமா?" என்று கேட்டேன். தந்தை யோசித்தார். "சொன்னா செய்யமாட்டான் சார். அவனா செய்யறதை எல்லாம் வேலைன்னு எப்படி எழுதறது?"

பதினேழாம் கேள்வி

கேளம்பாக்கத்தில் கனி பாய் கடை. உப்பளக்காரர்களுக்குச் சாக்கும் கயிறும் விற்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி ஹாஜிரா, தம்பி யூசுப். யூசுப்புக்கு முப்பத்திரண்டு வயது. கடையில் மடித்துவைத்த சாக்குகளின் ஓரத்தை விரலால் தடவித் தடவிச் சரிபார்ப்பார். ஒரு நூல் விலகியிருந்தாலும் மொத்த அடுக்கையும் பிரித்து மறுபடி அடுக்குவார். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பேச்சு எப்போதாவது ஒரு சொல், இரண்டு சொல்.

கனி பாய்க்கு அந்த வருஷம் இரண்டு தரம் நெஞ்சுவலி வந்துவிட்டது. எங்கள் படிவத்தில் பதினேழாம் கேள்வி, 'இல்லத்தில் சேர்க்கலாமா?' மாமல்லபுரம் தாண்டிச் சவுக்குத் தோப்பு ஒன்றில் புதிதாக ஓர் இல்லம் திறக்க இருந்தார்கள். 'ஆம்' என்றவர்கள் முதல் பட்டியலில் ஏறுவார்கள். "நான் பூட்டேன்னா இவனை யாரு சார் பாத்துப்பா?" என்று பாய் என்னையே திருப்பிக் கேட்டார். 'ஆம்' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

சங்கிலி சம்பவத்துக்குப் பிறகு எனக்குள் ஒரு சீர்திருத்தவாதி குடியேறியிருந்தான். "பாய், கேள்வி உங்களுக்கு இல்லை. அவருக்குத்தான்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். "யூசுப், ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இங்க இருக்கறது. இன்னொண்ணு, அங்க போறது." யூசுப் சாக்கைத் தடவிக்கொண்டே, "அங்க போறது" என்றார். தெளிவான குரல். உள்ளே அரிசி புடைக்கிற சத்தம் நின்றது. கனி பாய் கயிற்றுக் கட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். "சரி சார். அவனே சொல்லிட்டான். எழுதிக்கோ."

வாழைப்பழம்

அந்தப் படிவத்தைப் பேராசிரியை இரண்டு தரம் படித்தார். "சம்பந்தப்பட்டவரையே கேட்டு வாங்கிய முதல் பதில்" என்று எல்லோர் முன்னிலும் பாராட்டினார். எனக்கு அன்று தலை வீங்கிய வீக்கத்தில் சட்டையைக் காலர் வழியாகக் கழற்ற முடியவில்லை, பொத்தானை அறுத்துத்தான் கழற்றினேன். பட்டியல் தட்டச்சாகி இல்லத்துக்குப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்துப் பாயிடம் கையெழுத்து வாங்கப் போனேன். வெறுங்கையோடு போக வேண்டாமென்று பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டேன். "யூசுப், எது வேணும்? பிஸ்கட், வாழைப்பழம்." "வாழைப்பழம்" என்றார். கொடுத்தேன். அதை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஹாஜிரா சொன்னார்: "அவன் கடேசியா காதுல வுழுந்ததத்தான் சொல்லுவான் அண்ணே. மாத்திக் கேட்டிருந்தா 'இங்க இருக்கறது'ன்னுதான் சொல்லியிருப்பான்." பாயைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியும். ஆனால் அவர் வாயில் வராத சொல்லை அன்று தம்பி சொன்னதாக நினைத்துக்கொள்வது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் கதவைப் பார்த்து, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தங்கச்சி?" என்று கேட்டேன். "இன்னா அண்ணே நீ? என்னை எங்க கேட்ட?"

நம்பர் இல்லாத பதில்

"சரி, அவர் மனசில் இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அப்போதாவது கேட்டேன். "உன் காலாண்ட பாரு" என்றார் ஹாஜிரா. வாசலில் கழற்றிவிட்ட என் செருப்பு நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. ஜோடி சேர்த்து, முனை தெருவைப் பார்க்க வைத்திருந்தது. வந்தவர் இருந்தது போதும் என்று யூசுப்புக்குத் தோன்றினால் வந்தவரின் செருப்பைக் கொண்டுவந்து அப்படி வைப்பாராம். தனக்கே வெளியே போக வேண்டுமென்றால் தன் செருப்பைத் தெருவைப் பார்க்க வைப்பார். போகப் பிடிக்காவிட்டால் அதைச் சாக்குக்குள் ஒளித்துவிடுவார். நான் இரண்டு தரம் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டு தரமும் செருப்பு காலடிக்கு வந்திருக்கிறது. என்ன மரியாதையான குடும்பம் என்று நினைத்து நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன்!

மறுநாள் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அந்தப் படிவத்தை மறுபடி எடுத்துப் படித்தார். பிறகு, யூசுப்பைக் கூட்டிப்போய் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வைத்துவிட்டுப் பதில் கேட்போம், தானும் வருவேன் என்றார். பதில்களை எண்களாக மாற்றி அட்டையில் ஏற்றுகிற குமாஸ்தா பக்கத்து மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு வேறு கவலை. "செருப்புக்கெல்லாம் நம்பர் இல்ல சார். ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு. அவ்ளோதான்."

சவுக்குத் தோப்பு

பாய், யூசுப், பேராசிரியை, நான் என நாலு பேரும் பஸ்ஸில் போனோம். இல்லம் மோசமில்லை. வெள்ளையடித்த கூடங்கள், வரிசையாகக் கட்டில்கள், சவுக்கு இடுக்கில் கடல். பொறுப்பாளர் நல்ல மனுஷர். யூசுப் எந்தக் கட்டிலைத் தொட்டாலும் தடுக்காமல் பின்னாலேயே வந்தார். இடம் பார்க்க அன்று வேறு குடும்பங்களும் வந்திருந்தன, சேகரும் தந்தையோடு வந்திருந்தார். வந்ததும் அடித்தால் தண்ணீர் வராத கைப்பம்பு ஒன்றைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், தந்தை மூன்று தரம் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தந்தைதான் கடைசியில் பக்கத்தில் போய் உட்கார்ந்து போல்ட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

யூசுப் எல்லா அறைக்கும் போனார். ஒரு கட்டிலில் உட்கார்ந்து போர்வை ஓரத்தைத் தடவினார். கடல் காற்று முகத்தில் அடித்தபோது சிரிக்கக்கூடச் செய்தார். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் எந்தப் பதிலுக்குப் பயந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நாங்கள் யாரும் ஒரு சொல் பேசவில்லை. பேசினால் அது யூசுப் வாயில் பதிலாக வந்துவிடுமே!

சோறு சாப்பிட்டு முடிந்ததும் யூசுப் வெராந்தாவுக்குப் போனார். அங்கே வந்தவர்களின் செருப்புகள் முப்பது ஜோடிக்குக் குறையாமல் குவிந்து கிடந்தன. குனிந்து தேடினார். முதலில் பேராசிரியையின் செருப்பு. அடுத்து டயரில் வெட்டித் தைத்த என் செருப்பு. பிறகு அண்ணன் செருப்பு. கடைசியில் தன்னுடையது. நாலு ஜோடியையும் ஒரே வரிசையில், முனை வெளிக்கதவைப் பார்க்க வைத்தார். ஒரு ஜோடி இம்மி விலகியிருந்தது, அதையும் சரிசெய்தார். சேகரின் செருப்பும் அங்கேதான் கிடந்தது. அதை அவர் தொடவில்லை. அடுத்தவர் பதிலைத் தான் சொல்லக்கூடாது என்ற ஒழுங்கு படித்த எங்களுக்கு வரவில்லை, அவருக்கு இருந்தது.

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கேயே படிவத்தை எடுத்து, 'தகவல் தருபவர்' வரியில் பேனாவால் நாலாவது கட்டம் ஒன்று வரைந்து, பக்கத்தில் 'அவரே' என்று எழுதினார். பதினேழாம் கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று போட்டார். எப்படிச் சொன்னார் என்பதையும் ஓரத்தில் எழுதினார். குமாஸ்தா அதற்கு மூன்றாம் நம்பர் கண்டுபிடித்தது தனிக்கதை.

கனி பாய்தான் முதலில் செருப்புக்குள் காலை நுழைத்தார். பஸ்ஸுக்கு நடக்கும்போது நான் சும்மா இருக்கமாட்டாமல், "உங்களுக்கு அப்புறம் என்ற கேள்வி அப்படியே நிக்குதே பாய்?" என்றேன். முன்னால் போய்க்கொண்டிருந்த தம்பியின் முதுகைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "நிக்கட்டும் சார். அதுக்கும் என்னைக் கேக்காத. அன்னிக்கு வந்து அவனையே கேளு."

அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் வாசலில் எத்தனையோ கேள்வி கேட்டுவிட்டேன், ஆனாலும் எந்த வீட்டுக்குப் போனாலும் பேனாவைத் திறக்குமுன் என் செருப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.