உள்ளே பார்த்த மாடு

அச்சுப்பிழை பார்க்கிறவன் எல்லாவற்றையும் பார்ப்பான், படத்தைத் தவிர. பிழை பார்த்தே கண் கெட்ட சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? நான் வேலந்தாவளத்தில் உட்கார்ந்து பிழை பார்க்கிறேன்; இடுக்கி எஸ்டேட் ஒன்றிலிருந்து ஸ்டெல்லா எங்கள் மாத இதழின் பக்கங்களை அமைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

அரைப் பக்கம் வெள்ளை

எங்கள் ஊர் பழனிசாமியின் பசு காணாமல் போயிற்று. வீட்டுக்கு இருந்த ஒரே கறவை. கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இதழ் போகிறதே என்று படத்தோடு விளம்பரம் கொடுத்தார். அடையாளம்: வலது கொம்பு முறிந்தது.

அந்த விளம்பரத்துக்கு நேர் பின்னால் வரவேண்டிய ஜவுளிக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் வரவில்லை. ஏதாவது கதை எழுதித் தரச் சொன்னாள் ஸ்டெல்லா. புலிமேல் ஏறி அகளிக்குப் போய் வந்த கதையெல்லாம் சொல்கிறவன்தான் நான், அன்று சோம்பல். வெள்ளையாகவே விடச் சொன்னேன். அவள் சிரித்தாள்:

"ஒங்ககிட்ட பொய் தீந்துபோச்சா? இங்க மழையே நின்னுட்டாப்ல இருக்குய்யா!"

கொம்பு

பக்கம் வந்தது. எழுத்தில் வலது கொம்பு. படத்தில் முறிந்திருந்தது இடது. பிழை கிடைத்த சந்தோஷம் உங்களுக்குத் தெரியுமே! 'இடது' என்று திருத்தினேன். அச்சேறிவிட்டது.

மறுநாள் பழனிசாமி இதழோடு வந்து நின்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏனுங்கய்யா, பக்கம் சுத்தமா இருக்குதுங்க. என்ற மாடு மட்டும் இதுல இல்லீங்க."

ஸ்டெல்லாவின் நியாயம்

கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு மாட்டுக்குக் கொம்பு இடம் மாறுமா? ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"மாடு பக்கத்த விட்டு வெளிய பாத்துக்கிட்டு நின்னுச்சுய்யா. அப்படியே விட்டா படிக்கிறவங்க கண்ணும் அது பின்னாலயே வெளிய போயிரும். அதான் படத்த இடவலமாத் திருப்பி உள்ள பாக்க வச்சேன்."

வடை

இனி வருவது சத்தியம். கோபாலபுரத்தில் டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய் வாசலில் நாலு நாளாக ஒரு பசு நின்று பழத்தோல் தின்றுகொண்டிருந்தது. அவர் நம் விளம்பரத்தைப் படித்துவிட்டு, கொம்பு பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டார். பிறகு அதே தாளைக் கிழித்து வடை மடித்தார். எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடியானது. பின்பக்கம் வெள்ளையல்லவா? அந்தப் பக்கமிருந்து பார்த்தால் படத்து மாடு பழையபடி திரும்பி நிற்கிறது, முறிந்த கொம்பும் வலதுக்கு வந்துவிட்டது!

பாய் தகவல் சொல்லியனுப்ப, பழனிசாமி ஓடிப்போய் மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாய் என்னிடம் போனில் சொன்னது இது:

"நேரா படிச்சா வேற மாடு அண்ணே. வடையைத் தின்னுட்டுப் பாத்தா நம்ம வாசல் மாடு!"

இப்போதெல்லாம் பக்கம் வந்தால் எழுத்தை ஒருமுறை பார்க்கிறேன், மாட்டை இருமுறை பார்க்கிறேன், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வடையும் வைத்துக்கொள்கிறேன்.