மூன்றாவது கையெழுத்து

வோல்க்மரைப் பிறவியிலேயே சந்தேகப் பிராணி என்று நண்பர்கள் சொல்வார்கள். அது சரியில்லை. ஆயுள் முழுக்க லிஃப்டு பரிசோதகராக இருந்தால் யாருக்கும் அந்தக் குணம் வந்துவிடும். கட்டடச் சொந்தக்காரர், கம்பியை இப்போதுதான் மாற்றினோம் என்று சத்தியம் செய்வார். வோல்க்மர் தலையாட்டிவிட்டு மேலே ஏறிப்போய்க் கம்பியைத் தடவிப் பார்ப்பார். பாதி நேரம் மாற்றியிருக்க மாட்டார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஜனங்கள் லிஃப்டில் ஏறி உயிரோடு இறங்குவதில் அந்தக் குணத்துக்கும் பங்கு உண்டு. சங்கடம் என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. மனைவி ரோஸ்விதா வாங்கி வந்த முட்டையைக்கூட விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பார்.

இப்படிப்பட்டவருக்கென்றே ஊரில் ஒரு சங்கம் இருந்தது. ஜன்னல் விளிம்பிலும் தேவாலயக் கோபுரத்திலும் வைஃபை பெட்டிகளை வைத்து, ஒன்றோடொன்று பேசவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக இன்டர்நெட் கொடுக்கும் சங்கம். கம்பெனிக்காரன் பெட்டிக்குள் போட்டு அனுப்பிய மென்பொருளை அழித்துவிட்டுத் தாங்களே எழுதியதைப் போடுவார்கள். அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். மாதம் ஒருமுறை சைக்கிள் கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் கூடி, உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் சாப்பிட்டுக்கொண்டே ஒருவரோடொருவர் சண்டை போடுவார்கள்.

புதுப் பதிப்பு ஒன்று வெளியானால் ஊரிலுள்ள அத்தனை பெட்டிகளும் விடியற்காலையில் அதைத் தாமாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். வசதிதான், ஆனால் விஷமி ஒருவன் எழுதியது உள்ளே போனாலும் அதே வேகத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். அதனால் வோல்க்மர் உட்பட ஐந்து பேர் கணினியில் ஆளுக்கொரு ரகசியச் சாவி. அந்தச் சாவியால் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டிகள் புதுப் பதிப்பைத் தொடும். சாவி வாங்குகிறவர் எல்லோர் முன்னாலும் அடையாள அட்டையை மேசையில் வைத்து, தன் சாவிக்குரிய நீண்ட எழுத்து வரிசையை உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர்கள் பியர் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்ப்பார்கள். கல்யாணப் பதிவில்கூட இவ்வளவு பயபக்தி இருக்காது.

இன்னொரு விதியும் உண்டு. தன் வீட்டு ஆள் எழுதியதற்குத் தானே கையெழுத்துப் போடக் கூடாது. சாவி வைத்திருந்த ஓர்ட்ருன் என்ற பெண் தன் மகன் எழுதிய திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது, வோல்க்மர் கூட்டத்துக்குக் கூட்டம் தகராறு செய்து இந்த விதியைக் கொண்டுவந்தார். ஓர்ட்ருன் அதை மறக்கவே இல்லை.

அணில் என்ற புனைபெயரில் ஒரு ஆள் திருத்தங்கள் அனுப்ப ஆரம்பித்தது போன இலையுதிர்காலத்தில். சுத்தமான வேலை. ஒரு வரி மிகையில்லை, ஒரு வரி குறையில்லை. ஆனால் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அணில் எங்கே என்று யாராவது கேட்டால், மரத்தில் இருக்கும் என்பார் சாவிக்காரர்களில் இளையவரான டீலோ. வோல்க்மருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அணிலின் திருத்தங்கள் வந்த நேரங்களை அவர் கவனித்திருந்தார். எல்லாம் வேலை நாட்களின் பிற்பகலில். சனி ஞாயிறில் ஒன்றுகூட இல்லை.

"ஆசைக்குச் செய்யறவன் சனி ஞாயிறுலதான் செய்வான்," என்றார் கூட்டத்தில். "லீவு எடுக்கறவன் சம்பளத்துக்குச் செய்யறவன். இவனுக்கு யாரு சம்பளம் குடுக்கறா? அதைச் சொல்லுங்க."

கூட்டம் முடிந்ததும் அடையாள அட்டையோடு வந்து போகும்படி அணிலுக்கே எழுதிக் கேட்டார். என் முகத்தில் என்ன இருக்கிறது, எழுதியதைப் பாருங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த மரியாதை எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

செப்டம்பரில் பக்கத்து ஊர் ஒன்றில் இதேபோன்ற பெட்டிகள் வரிசையாக விழ ஆரம்பித்தன. தெருவில் நின்றபடியே பெட்டிக்குள் புகுந்து அதைக் கைப்பற்ற வழிவிடும் ஓட்டை ஒன்று மென்பொருளில் இருந்திருக்கிறது. சங்கத்தார் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்து சேர்ந்தது. அனுப்பியது அணில். ஓர்ட்ருனும் டீலோவும் கையெழுத்துப் போட்டார்கள். டிராம் ஓட்டும் கெர்னோட், வோல்க்மர் போட்டால் தானும் போடுவதாக வழக்கம்போலச் சொல்லிவிட்டார். ஐந்தாவது ஆளான பாதிரியார், யாராலும் ஊகிக்க முடியாத கடவுச்சொல் வைக்கிறேன் என்று வைத்து, அதைத் தானே மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஆக, எல்லாம் வோல்க்மர் தலையில் வந்து நின்றது. வோல்க்மர் போடவில்லை.

ஓர்ட்ருன் வேலை பார்ப்பது டிராம் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அகதிகள் விடுதியில். அங்கே இருப்பவர்கள் தங்கள் நாட்டில் விட்டு வந்த அம்மா அப்பாவோடு பேசுவது சங்கத்தின் பெட்டிகள் வழியாகத்தான். அவர் போனில் கூப்பிட்டார், ஆனால் கத்தவில்லை, அதுதான் வோல்க்மருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நாளைக்கு எவனாவது அந்தப் பெட்டிக்குள்ள பூந்து இவங்க யார்கிட்ட பேசறாங்கன்னு எடுத்துட்டுப் போனா, அவங்க நாட்டுல இருக்கறவங்க கதி என்னன்னு உனக்குத் தெரியும்," என்றார். "உன் சந்தேகத்துக்கு அவங்க ஏன் பலியாகணும்?"

வோல்க்மர் திருத்தத்தை மூன்று தடவை படித்தார். கள்ளக் கதவு எங்கே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு ஒரு வழி தோன்றியது. ஊரிலுள்ள ஒவ்வொரு பெட்டியும் தன்னுள் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று சங்கத்தின் வரைபடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அணில் அனுப்புமுன் எங்கேயாவது போட்டுச் சோதித்திருக்க வேண்டும் அல்லவா? பழைய பதிவுகளைக் கிளறினார். அணிலின் திருத்தம் வந்துசேரும் முன்பே, ஒரே ஒரு பெட்டியில் அது ஓடியிருந்தது. பெட்டியின் பெயரை இரண்டாவது தடவையும் சரிபார்த்தார். ஊர் எல்லையில் அவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்துக் குடிசையில் அவரே மாட்டிய பெட்டி அது.

எவனோ திருட்டுத்தனமாகக் குடிசைக்குள் போய் வருகிறான் என்று முடிவு கட்டினார். பல் மருத்துவமனையில் அரைநாள் வேலை முடிந்ததும் ரோஸ்விதா தனியாகப் போய்ச் செடிகளைக் கவனிக்கும் இடம் அது. வோல்க்மர் அவரிடம் மூச்சு விடவில்லை. பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தார். மறுநாள் பிற்பகல் லீவு சொல்லிவிட்டு, லிஃப்டு ஸ்பேனரோடு டிராம் ஏறினார். வேலியை ஒட்டிக் குனிந்து போனவரைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சத்தமில்லாமல் கதவைத் தள்ளினார்.

ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மேசையில் பெட்டி திறந்து கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து ஒயர்கள் ஒரு லேப்டாப்புக்குப் போயின. பக்கத்தில் பாதி தின்ற பிளம் கேக். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது ரோஸ்விதா.

"ஸ்பேனரை ஓரமா வை, நாத்து மேல வச்சுடாதே," என்றார் அவர். "அடையாள அட்டை கேட்டிருந்தியே, கைப்பையில இருக்கு. எடுத்துப் பாத்துக்கோ."

வோல்க்மர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரோஸ்விதா அவசரப்படாமல் சொன்னார். ரசாயன ஆலை மூடப்படுவதற்கு முன்னால் அங்கே கணினிப் பிரிவில் நிரல் எழுதுவதுதான் தனக்கு வேலை என்பது வோல்க்மருக்கு நினைவிருக்கிறதா? இருந்தது, ஆனால் பழைய வீட்டின் விலாசம் நினைவிருப்பது போல. சங்கம் ஆரம்பித்த காலத்தில், நானும் பார்க்கட்டுமா என்று தான் கேட்டதும், கூட்டத்துக்கு கேக் செய்து கொடுத்தால் போதும் என்று அவர் சொன்னதும்? அது அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. ரோஸ்விதாவுக்கு இருந்தது.

"என் பேர்ல அனுப்பியிருந்தா, வோல்க்மர் பொண்டாட்டி எழுதினதுன்னு சிரிச்சுக்கிட்டே சேத்திருப்பாங்க. ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க. அணில் எழுதினதை நீ மூணு தடவை படிச்சே."

வோல்க்மருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அது இன்னும் வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் தானே கொண்டுவந்த விதி ஞாபகம் வந்தது. இப்போது அவரால் கையெழுத்துப் போட முடியாது. போட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அணில் மரத்திலேயே இருக்கும், விடுதி பிழைக்கும். அவர் வாய் திறக்குமுன் ரோஸ்விதா சொல்லிவிட்டார்: "அது உன் சாவி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து கடவுச்சொல்லைப் பாதிவரை அடித்தார். பிறகு அழித்துவிட்டு எல்லோரையும் சைக்கிள் கடைக்கு வரச் சொன்னார்.

அணில் நான்தான் என்று சொல்லி ரோஸ்விதா அடையாள அட்டையை மேசையில் வைத்தார். டீலோ அதில் வோல்க்மரின் குடும்பப் பெயரைப் பார்த்துச் சிரித்தார், சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஓர்ட்ருன் அட்டையைத் தொடாமலே கேட்டார்.

"வருஷம் பூரா அணில் அணில்னு எங்களைப் பயமுறுத்தினியே வோல்க்மர். உன்னை நாங்க இன்னும் நம்பணும்னு ரெண்டு பேருமாப் போட்ட நாடகமா இது?"

தனக்குத் தெரியாது என்றார் வோல்க்மர். தன் தோட்டத்தில், தன் பெட்டியில், தன் மனைவி செய்தது தெரியாதாம். சொல்லும்போதே அவர் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. தெரியாது என்பதை ஒருவர் எப்படி நிரூபிப்பது? இத்தனை நாள் மற்றவர்களிடம் அவர் கேட்டதும் அதுதான்.

கெர்னோட் தொண்டையைச் செருமினார். "அப்ப மூணாவது கையெழுத்து நான்தான். உண்மையைச் சொல்லிடறேன். இதுவரைக்கும் நான் ஒண்ணைக்கூடப் படிச்சதில்லை. நீ படிச்சிருப்பேன்னு கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன். இனிமே படிக்கணும் போல."

டிராம் ஓட்டுகிற மாதிரியே படித்தார், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று. ரோஸ்விதாவைப் போனில் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகள் கேட்பது போன்ற கேள்விகளாகக் கேட்டார். அந்தக் கேள்விகளில் ஒன்று, பழைய சின்னப் பெட்டிகளில் இதற்கு இடம் போதுமா என்பது. ரோஸ்விதா கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் சோதித்தது தோட்டத்திலிருந்த புதிய பெட்டியில் மட்டும். பழைய பெட்டிகளில் இடம் நிரம்பி, மறுபடி எழுந்திருக்கவே முடியாமல் அவை செத்துப்போகும். விடுதியில் இருந்தவை எல்லாம் யாரோ தானமாகக் கொடுத்த பழைய பெட்டிகள். வோல்க்மர் தோட்டத்திலிருந்து வந்த அன்று ரகசியமாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், மறுநாள் விடியும்போது விடுதியில் ஒரு பெட்டிகூட உயிரோடு இருந்திருக்காது.

ரோஸ்விதா வெளுத்துப்போனார். பிறகு உட்கார்ந்து, வேண்டாததையெல்லாம் வெட்டிச் சுருக்கினார். அதை ஒரு பழைய பெட்டியில் போட்டுப் பார்த்த பிறகே அனுப்பினார். ஓர்ட்ருனும் டீலோவும் இந்த முறை படித்துவிட்டுப் போட்டார்கள். கடைசியாக கெர்னோட் போட்டார். மறுநாள் காலை வரைபடத்தில் விடுதிப் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் புதுப் பதிப்போடு எழுந்து வருவதை வோல்க்மரும் ரோஸ்விதாவும் சமையலறையில் நின்று பார்த்தார்கள்.

"மூணு தடவை படிச்சேன்," என்றார் வோல்க்மர். "எப்படி விட்டேன்னு தெரியல."

"நீ ஆளைத் தேடிக்கிட்டு இருந்தே," என்றார் ரோஸ்விதா. "தப்பைத் தேடலை."

ஆண்டுக் கூட்டத்தில் வோல்க்மர் சாவிப் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொன்னார். யாராவது விலக வேண்டாம் என்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை.