நூற்றிருபது டிகிரி

தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்களை உட்கார வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, எத்தனை டிகிரி போகிறது என்று அளப்பதுதான் பிசியோதெரபிஸ்டான என் பிழைப்பு. ஆளாளுக்கு உடம்பைச் சாய்த்து, கூடுதலாகத் தூக்கியதுபோல் காட்டப் பார்ப்பார்கள். "சாயாதீங்க!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போயிற்று.

என்னிடம் வரும் லாரிக்காரர் ஒருவர் மட்டும் சாய்ந்ததே இல்லை. மனைவி போனபின் ஒண்டிக்கட்டை. மூன்று மாதமாக நூற்றிருபதிலேயே நின்றார்.

இன்று எனக்குப் பொறுக்கவில்லை. "தளர விடுங்க, நானே தூக்குறேன்" என்று கையைப் பிடித்து உயர்த்தினேன். காதை ஒட்டி நூற்றெழுபது வரை வழுக்கிக்கொண்டு போனது. சட்டென்று விட்டேன். கை விழாமல் அங்கேயே நின்றது.

"என்னண்ணே, இத்தனை நாளா நாடகமா?"

அவர் அவசரமாகக் கையை இறக்கினார். "சரியாயிடுச்சுன்னா இனிமே வர வேணாம்னு சொல்லிடுவீங்களேம்மா. வீட்டுல என்னைத் தொட்டு, வலிக்குதான்னு கேக்க யாரு இருக்கா?"

வாய்வரை வந்த திட்டை விழுங்கினேன். நூற்றிருபது என்றே எழுதி, "செவ்வாய்க்கிழமை வாங்க" என்றேன்.

வாசலில் திரும்பி நின்று, அந்தக் கையை முழுசாகத் தூக்கி டாட்டா காட்டினார். உடம்பு துளியும் சாயவில்லை.