அமலா அக்காவும் கத்திரிப்பூ நெஞ்சுப் பறவையும்

மங்கலம்பேட்டையில் ஒரு நிக்காஹ் விருந்து. பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில் அமலா அக்காவின் மகள் ரோஸ்லினிடமிருந்து போன் வந்தது. "அம்மா போயிட்டாங்க செல்விக்கா. டீ போடறேன்னு எழுந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். வெறும் மயக்கமாகத்தான் இருக்கும், ரோஸ்லின் பயந்துபோய்ச் சொல்கிறாள் என்று விருத்தாசலம் வந்து சேரும்வரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோஸ்லின் நர்ஸ். அவள் தவறாகச் சொல்லமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த உங்களில் பலருக்கு அமலோற்பவம் அக்காவைத் தெரியும். பீங்கான் மேல் பளபளப்புக்காகப் பூசும் கிளேஸ் கலவையை எங்கள் கம்பெனியில் அவர்தான் கலப்பார். நான் பக்கத்து மேஜையில் மண் சோதிப்பேன். ஒவ்வொரு முறை சூளை திறக்கும்போதும் அவர் முகம் வெளுத்துவிடும். "இத்தினி வருசமாச்சே, இன்னுமா பயம்?" என்று கேட்டால், "உள்ள போறப்ப ஒரு கலரு, வெளிய வர்றப்ப ஒரு கலரு. பயம் எப்படிப் போவும்?" என்பார்.

கென்யாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு டைல்ஸ் தொழிற்சாலைக்கு, அங்குள்ளவர்களைப் பழக்கிவிட்டு வர எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். அவர் கணவர் இறந்திருந்தார். ரோஸ்லின் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை நீடித்தால்தான் அவள் படிப்பு முடியும் என்ற நிலை.

போன கொஞ்ச நாளிலேயே எனக்குள் ஒரு கலக்கம் வந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலை முதலாளி வெளிர் நீலம் கேட்டார். மாதிரி டைல்ஸோ ஒவ்வொரு முறையும் மை கொட்டியதுபோல வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் நீலம் பத்தலடி" என்பார். தண்ணீர் சரியில்லை, மண் சரியில்லை என்று நானே காரணங்களைத் தேடிக்கொண்டேன். நான் வேலை கற்பதற்கு முன்பே பெயர் எடுத்தவர் அவர். அவரிடம் போய் எப்படிச் சொல்வது?

பெரிய சூளை ஏற்றுவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலை டிரைவர் கிமானி எங்களை ஊருக்கு வெளியே அழைத்துப் போனார். காய்ந்த மஞ்சள் புல், அங்கங்கே முள்மரம், வேறொன்றும் இல்லாத வெட்டவெளி. ஒரு பட்ட கிளையின் நுனியில் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. கிமானி வண்டியை நிறுத்தி, என்ன பறவை சொல்லுங்கள் என்றார்.

"அட, நம்ம பனங்காடை! வேப்பூர் ரோட்டுல கரண்டு கம்பியில ஒக்காந்திருக்குமே" என்றார் அக்கா.

கிமானி தலையசைத்தார். இந்தப் பறவைக்கு வாலின் இரு ஓரத்திலும் நீண்ட இறகு இருக்கும், இதற்கு அது உதிர்ந்துவிட்டது, அதனால் நெஞ்சைப் பாருங்கள் என்று தன் பைனாகுலரைக் கொடுத்தார். நான் பார்த்தேன். கழுத்திலிருந்து நெஞ்சு வரை அப்போதுதான் விரிந்த கத்திரிப்பூவின் நிறம். வயிறு வெளிர் நீலம்.

"கத்திரிப்பூ கலருக்கா!"

அக்கா வாங்கிப் பார்த்தார். "பழுப்புடி. பனங்காடைதான்."

அதற்குள் பறவை ஒரு வெட்டுக்கிளிமேல் பாய்ந்தது. இறக்கை விரிந்தபோது தெரிந்த நீலத்தைப் பார்த்து நான் கத்தியேவிட்டேன். அக்கா பைனாகுலரைக் கிமானியிடம் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என் நீலத் துப்பட்டாவைப் பார்த்தார். பிறகு மறு கண்ணைப் பொத்தினார்.

"இன்னொரு தடவ சொல்லு. நெசமாவே கத்திரிப்பூவா?"

"ஆமாக்கா."

"டைல்ஸு?"

தயங்கினேன். "நீலம் ரொம்ப அதிகமா இருக்குதுக்கா."

"சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. சொல்லலன்னா சூளையில ஏத்தறது அத்தனையும் கெட்டுப்போவும்."

"யாருக்கும் தெரிய வேணாம்க்கா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"உனக்குத் தெரியும்ல? தெனம் நீ பயந்துகிட்டு நிப்ப. ஒருத்தி பயப்படறது போதும்டி."

மறுநாள் காலை அக்கா முதலாளி அறைக்கு முன் வெகுநேரம் நின்றார். புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் செருகினார். பிறகு கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். வெளியே எனக்கு முதலாளியின் குரல் மட்டும் உயர்ந்து உயர்ந்து கேட்டது. அக்காவின் குரல் கேட்கவே இல்லை. என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய சூளையை நிறுத்திவிட்டுச் சிறிய சூளையில் ஒரு முறை சுட்டுக் காட்ட வேண்டும், அதுவும் கெட்டால் இருவரும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்றார் முதலாளி.

பழைய மாதிரிகளை வரிசையாக வைத்து அக்கா என்னைக் கேட்டார். "கலரு பேரு சொல்லாத. எது மாதிரி இருக்குதுன்னு சொல்லு." பள்ளிக்கூடத் தாவணி என்றேன் ஒன்றை. பந்துமுனைப் பேனா மை என்றேன் இன்னொன்றை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, கலவையில் நீலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். சூளை திறந்தபோது என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் உள்ளே அழுந்தியது. ஆறிய டைல்ஸைக் கையில் எடுத்தேன்.

"சொல்லுடி. எது மாதிரி?"

"மழை விட்ட மறுநாள் நம்மூரு மணிமுத்தாத்துமேல வானம் இருக்கும்லக்கா, அது மாதிரி."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நிறம்தான் பெரிய சூளைக்கும் போனது. ஆனாலும் நாங்கள் எதிர்பார்த்ததுபோல முதலாளி எங்களை மேலும் சில மாதம் வைத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார். ஊர் திரும்பியதும் ஒரு வருடம் ரோஸ்லினின் படிப்பை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதற்காக அக்கா அழுததை நான் பார்த்திருக்கிறேன். போய்ச் சொன்னதற்காக வருந்தியதைப் பார்த்ததில்லை.

அக்காவின் கண்ணில் நீலத்தை மங்கவைத்தது கண்புரைதான் என்று தெரிந்து, புதுச்சேரியில் அறுவை நடந்தது. கட்டுப் பிரித்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார். "அடிப்பாவி, இத்தினி நரை வந்திருக்குது, ஒரு வார்த்த சொல்லல பாரு!" என்றார். ஊருக்கு வரும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பனங்காடையைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். "இது நெசமாவே பழுப்பு. அப்போ அது வேறதான்டி" என்றார். மறுபடி ஆப்பிரிக்கா போக அவருக்கு வாய்க்கவில்லை.

இப்போது எங்கள் கம்பெனியில் கிளேஸ் என் பொறுப்பு. பயம் தெளியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போடும் காரியங்கள் நிறைய. அக்காவுக்குப் பயம் தெளியவே இல்லை. அந்தத் திங்கட்கிழமை அவர் தலைப்பை இழுத்து இழுத்துச் செருகியதை நான் பார்த்தேன். அந்தப் பயத்தோடுதான் போய்க் கதவைத் தட்டினார். இனி எதையாவது தள்ளிப்போடும்போது கேட்க, அந்தத் தட்டும் சத்தத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.