மணமில்லாத நுரை

இது என் அண்ணனுக்கு நடந்தது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அண்ணனுக்குப் பொய் வராது. சின்ன வயதில் ஒரு பொய்க்கு வாயைத் திறந்தாலே காது இரண்டும் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். இதை அவன் என்னிடம் சொன்னபோதெல்லாம் நான் அவன் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. வெளுத்துப் போயிருந்தது.

பேய் என்றால் நடுராத்திரி, இருட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. அண்ணனுக்குப் பகல்தான் ராத்திரி. அவனுக்குப் பார்சல் கிடங்கில் நைட் ஷிப்ட். விடிய விடியப் பெட்டிகளைத் தூக்கி ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டுவிட்டு வீடு வந்து சேருவான். அவன் உள்ளே நுழைந்ததும் அண்ணி கிளம்பிவிடுவார். அவருக்குத் துணிக்கடையில் பில் போடும் வேலை. புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் சாவியை மாற்றிக்கொள்வதோடு சரி. வீட்டுக்குள் கட்டிலில் அப்பா. பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்வது அண்ணன். அவர் கண்ணயரும்போது இவனும் பக்கத்து நாற்காலியில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். அதுதான் அவனுக்குக் கிடைத்த தூக்கம்.

அந்தப் பிழைப்பில் அவனுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே சுகம் சவரம். நீங்களும் நானும் நினைக்கிற சவரம் இல்லை. மடக்குக் கத்தி, அதைத் தீட்ட ஜன்னல் கொக்கியில் தொங்கும் தோல் பட்டை, முடி வைத்த பிரஷ், மரக் கிண்ணம், வரிசையாக ஏழெட்டு வாசனைச் சோப்பு. வீட்டில் அவனுக்குச் 'சோப்பு ஜமீன்தார்' என்றே பட்டப்பெயர். வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் போர்த்திக்கொள்வான். எலுமிச்சையா ரோஜாவா லாவெண்டரா என்று முகர்ந்து பார்த்து அன்றைய சோப்பை எடுப்பான். கிண்ணத்தில் பிரஷைச் சுழற்றச் சுழற்ற நுரை கெட்டியாகித் தயிர் மாதிரி நிற்கும். அப்புறம் கத்தி. சர்ர்... சர்ர்... கால் மணி நேரம் உலகமே இடிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

"என் மூஞ்சியை ஒரு நாளாவது இவ்வளவு நேரம் பாத்திருக்கீங்களா?" என்பார் அண்ணி.

"உன் மூஞ்சியில தாடி இல்லையே" என்பான் இவன்.

அப்பாவுக்கும் அவன்தான் சவரம். அதில் ஒரு சிக்கல். அப்பாவுக்குப் பல் கிடையாது. பக்கவாதத்தில் வலது கன்னம் வேறு தொங்கி உள்வாங்கிவிட்டது. காற்றை நிரப்பி உப்பச் சொன்னால் அவரால் முடியாது. அந்தப் பள்ளத்துக்குள் கத்தியை இறக்க அண்ணனுக்குப் பயம். அதனால் எப்போதும் அங்கே ஒரு பிடி வெள்ளை முடி மிச்சம் நிற்கும். "அப்பா, இது உங்க தோட்டம்" என்று கேலி செய்துவிட்டுத் துடைத்துவிடுவான்.

ஒரு நாள் நாற்காலியிலிருந்து விழித்துப் பார்த்தான். அந்தத் தோட்டம் இல்லை.

பள்ளம் வழுவழுவென்று இருந்தது. முகம் முழுக்கவே அப்படித்தான். தானே தூக்கக் கலக்கத்தில் செய்திருப்போமோ என்று நினைத்தான். ஆனால் அந்தப் பள்ளத்தை எப்படி எடுத்தோம்? முழு விழிப்பில் வராத வேலை பாதித் தூக்கத்தில் வருமா? சாயங்காலம் அண்ணியிடம் கேட்டான்.

"காலையில அப்பாவுக்கு நீ ஷேவ் பண்ணியா?"

"நானா? அந்தக் கத்தியைப் பாத்தாலே எனக்குக் கை நடுங்கும். சோப்பு வாசத்துல கிறுக்குப் பிடிச்சிடுச்சா உங்களுக்கு?"

அதோடு விட்டுவிட்டான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். யார் செய்தால் என்ன, ஒரு வேலை மிச்சம். அலுத்துப்போன மனுஷன் அதற்குமேல் யோசிப்பதில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும். இந்தத் தடவை பிரஷ் நனைந்திருந்தது. கிண்ணத்தில் நுரை இருந்தது. அண்ணன் வழக்கம்போல் மூக்கருகே கொண்டுபோனான். எலுமிச்சை இல்லை. ரோஜா இல்லை. லாவெண்டர் இல்லை. வெறும் சோப்பு வாசனைகூட இல்லை. நுரைக்கு எந்த மணமும் இல்லை.

நுரை என்றால் அரை மணியில் செத்து நீராகிவிடும். அவனுக்குத் தெரியாததா? இது சாயங்காலம் அண்ணி வரும்வரை விறைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

வாசல் கதவு உள்பக்கம் சங்கிலி போட்டபடியே இருந்தது. அப்பாவின் பார்வையும் சரியாக இல்லை. அண்ணன் என்ன கேட்டாலும் அவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரம்.

"என்னப்பா? என்ன இருக்கு அங்க?"

"ஆ... ஆ..." அவ்வளவுதான் வந்தது.

அதற்கடுத்த தடவை, அப்பாவுக்குத் தண்ணீர் புகட்ட வாயைத் திறந்தான். வலது கன்னத்துக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. விரலை விட்டு எடுத்தான்.

பஞ்சு. நனைந்த பஞ்சு உருண்டை.

அண்ணன் பக்கத்து வீட்டு அம்மாவை ஐந்து நிமிடம் அப்பாவுடன் உட்கார வைத்துவிட்டுத் தெருமுனை சலூனுக்கு ஓடினான். அவன் கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறவர் அந்தக் கடைக்காரர்தான்.

"அண்ணே, ஷேவ் பண்ணும்போது வாய்க்குள்ள பஞ்சு வைப்பாங்களா?"

அவர் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "கன்னம் உப்பி நிக்கிறதுக்கு வைப்போம். ஆனா அது உயிரோட இருக்கிறவங்களுக்கு இல்ல தம்பி. ஏன், வீட்ல யாராச்சும்...?"

அண்ணன் வீட்டுக்குத் திரும்பி ஓடினான். யாரோ அப்பாவைத் தயார் செய்கிறார்கள். அவனுக்கு அப்படித்தான் பட்டது. உயிரோடு இருக்கும் அப்பாவை.

மறுநாள் காலை வந்ததும் சோப்பு, பிரஷ், கிண்ணம், தோல் பட்டை எல்லாவற்றையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினான். கத்தியை மட்டும் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். இரண்டு கப் காபி குடித்தான். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு அப்பாவின் இடது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இன்றைக்குத் தூங்கினால் அப்பா இல்லை... இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

ஆனால் உடம்பு கேட்க வேண்டுமே. ராத்திரி முழுக்கப் பெட்டி தூக்கிய உடம்பு. கடைசியாகக் கடிகாரத்தைப் பார்த்தபோது பத்து இருபது.

பட்... பட்...

முதுகுக்குப் பின்னால். ஜன்னல் பக்கம்.

பட்... பட்...

தோல் பட்டையில் கத்தி தீட்டுகிற சத்தம். பட்டை அலமாரிக்குள் இருக்கிறது. கத்தி பாக்கெட்டில் இருக்கிறது.

கண்ணைத் திற என்று தனக்குத்தானே சொன்னான். திறக்கவில்லை. கையை அசைக்கப் பார்த்தான். அது யாருடைய கையோ மாதிரி கிடந்தது.

சத்தம் நின்றது.

கிண்ணத்தில் பிரஷ் சுழன்றது. அவசரமே இல்லாமல்... நிதானமாக...

அப்பாவுக்குத்தான் என்று நினைத்தான். 'வேண்டாம், அவரை விட்டுடு' என்று கத்தினான். வாய் திறக்கவில்லை.

ஜில்லென்று நுரை பட்டது.

அப்பா முகத்தில் இல்லை.

அவன் கன்னத்தில்.

நெற்றியில் ஒரு கை. தலையைப் பின்னுக்குச் சாய்த்தது. அந்தக் கையில் சூடே இல்லை.

காதோரம் கத்தி வந்து உட்கார்ந்தது.

சர்ர்ர்ர்...

ஒரே இழுப்பு. தாடை வரை.

பிறகு உதட்டைப் பிரித்துக்கொண்டு ஒரு விரல்... பஞ்சோடு...

"ஆ...!"

அப்பாவின் குரல். கட்டில் கிறீச்சிட்டது.

"ஆ...! ஆ...!"

விரல் நின்றது.

விலகியது.

காலடிச் சத்தம் இல்லை. குளிர் மட்டும் நகர்ந்து போனது. கட்டில் பக்கமாக.

சர்ர்... சர்ர்...

எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. போன் அடித்தது. அண்ணி, கடையிலிருந்து. அந்த மணிச் சத்தத்தில்தான் அவன் உடம்பு அவனிடம் திரும்பி வந்தது. துள்ளி எழுந்தான்.

அப்பாவின் முகம் பளபளவென்று இருந்தது. உதடு நீலம். மூச்சு இல்லை. வாயைப் பிளந்து விரலை விட்டான். ஒரு பஞ்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று. தொண்டை வரை இன்னொன்று. புரட்டிப் போட்டு முதுகில் தட்டினான். "அப்பா... அப்பா... போயிடாதீங்கப்பா..." ஒரு பெரிய இருமல் வந்தது. அப்புறம் மூச்சு வந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்துப் பிரித்தான். ஈரம். அலகில் வெள்ளை முடி ஒட்டியிருந்தது. அதோடு கறுப்பு முடியும்.

கண்ணாடியில் பார்த்தான். இரண்டு நாள் தாடிக்கு நடுவில், காதிலிருந்து தாடை வரை ஒரு கோடு. சுத்தமாக மழித்த கோடு. தனக்குத்தானே சவரம் செய்துகொள்கிறவன் கத்தியை அந்தக் கோணத்தில் பிடிக்கவே முடியாது. பின்னால் நிற்கிறவன்தான் பிடிக்க முடியும்.

அன்றைக்கே அப்பாவை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கத்தியைக் கால்வாயில் எறிந்தான். சோப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து ஒரு பையில் போட்டுக் குப்பைக்காரரிடம் கொடுத்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவனிடம் இருந்ததே அந்த ஒரு சுகம். தாடி விட்டுவிட்டான். எல்லா இடத்திலும் அடர்ந்து வளர்ந்தது. அந்தக் கோட்டில் மட்டும் முளைக்கவே இல்லை. அப்பாவுக்கோ முகத்தில் எங்குமே முளைக்கவில்லை.

என் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா வந்து போனதில் அப்பாவுக்கு மெல்ல மெல்ல வார்த்தை வந்தது. ஒரு சாயங்காலம் அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தான். அப்பா அவன் கன்னத்துக் கோட்டைத் தடவினார்.

"உன்கிட்டதான்... வந்தான்."

"யாருப்பா?"

தெரியாது என்று தலையை ஆட்டினார். "உன் பின்னாடி... நிப்பான். தினமும். நீ... தூங்குற மாதிரி இல்லடா. பொணம் மாதிரி... கிடப்ப. அவன்... உனக்குத்தான்... நுரை போடுவான்."

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்புறம் எதுக்கு உங்களுக்குப் பண்ணான்?"

"நான்தான்... கூப்பிட்டேன்." அப்பா கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே, அந்தக் கட்டிலில், எப்படிக் காட்டினாரோ அப்படி. "இங்க வான்னு. என்னைப் பண்ணுன்னு."

பேச வாய் வராத மனுஷர், பிள்ளைக்காக ஒவ்வொரு தடவையும் அந்தக் கத்திக்குக் கன்னத்தைக் கொடுத்திருக்கிறார். நாங்கள் இருவரும் அவர் மடியில் விழுந்து அழுதோம். அவர் மட்டும் அழவில்லை. "கொஞ்சம்... தூங்குடா" என்றார் அண்ணனிடம். "ஒழுங்கா... தூங்கு."

நான்கு மாதம் கழித்து அப்பா என் வீட்டில், தூக்கத்தில், அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை. மருத்துவச் செலவில் ஏறிய கடன் அவனை வேலையையும் விட விடவில்லை. இன்னும் பகலில்தான் தூங்குகிறான். அதே அறை, அதே நாற்காலி. படுத்தால் தூக்கம் வரவில்லையாம்.

போன வாரம் மத்தியானம் போனேன். மணி அடித்தேன், திறக்கவில்லை. உள்பக்கச் சங்கிலி போட்டிருக்கவில்லை, என்னிடம் இருந்த சாவியைப் போட்டு உள்ளே போனேன். நாற்காலியில் தலை பின்னால் சாய்ந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. காதிலிருந்து தொடங்கி, பாதிக் கன்னத்தில் நின்றிருந்தது.

கூப்பிட்டேன். எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். எழவில்லை. பளாரென்று அறைந்தேன். கண்ணைத் திறந்தான்.

"அப்பா கூப்பிட்டாரு" என்றான். "அதான் பாதியில விட்டுட்டுப் போயிட்டான்."

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். அண்ணி காலையில் விரித்துவைத்த விரிப்பு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.

தலையணையில் ஒரு பள்ளம். அதன் வலது ஓரத்தில், விறைத்துக்கொண்டு, ஒரு கை நுரை.