ரகசியம் காத்த புனிதரும் வேன் அக்காவும்

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. தெருவுக்கே அவள் வேன் அக்கா. காலையில் பல் துலக்கினாளோ இல்லையோ, புனிதர்கள் வரலாற்றில் அன்றைக்கு உரிய பக்கத்தைப் படித்துவிடுவாள். படித்தால் மட்டும் போதாது, அன்று முழுக்க அந்தப் புனிதரைப் போலவே நடந்தாக வேண்டும். மேலங்கியை இரண்டாக வெட்டிப் பிச்சைக்காரனுக்குப் பாதி கொடுத்தவரைப் படித்த அன்று, குடையைத் தானம் பண்ணிவிட்டுத் தொப்பலாக நனைந்து வந்தாள். "குடையையும் பாதி வெட்டிக் குடுத்திருக்கலாமேக்கா" என்று கிண்டலடித்தான் தம்பி. அதே வேனுக்கு அவன்தான் டிரைவர்.

அந்தத் தம்பிதான் ஒரு நாள் சாயங்காலம் சமையலறையில் விழுந்து, கை கால் இழுத்துக்கொண்டு கிடந்தான். வலிப்பு. தெளிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "யார்கிட்டயும் மூச்சு விடாதக்கா. தெரிஞ்சா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. என் பொழப்பே போயிடும்."

மறுநாள் காலை அவள் படித்த பக்கம் யாரைப் பற்றி, தெரியுமா? பாவசங்கீர்த்தனத்தில் ஒருவர் தன் பாவத்தை அறிக்கையிட்டபோது கேட்ட ரகசியத்தை அரசனிடம் சொல்ல மறுத்து, அதற்காகவே ஆற்றில் தள்ளப்பட்டுச் செத்த குருவானவர்! ஆண்டவரே வாயை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பாவம், அந்த நேரத்தில் அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

வேன் கிளம்பியது. எப்போதும் பின்னால் பிள்ளைகளோடு உட்காருபவள் அன்று தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாலையைப் பார்க்கவே இல்லை, அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொட்டாவி விட்டால் இவள் அவன் தோளைத் தட்டினாள். எதிரே லாரி வந்தால் இவள் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பின்னால் பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்காக அடித்துக்கொண்டிருந்தன.

மேம்பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு தாய் தன் சின்ன மகளைத் தூக்கிக் கொடுத்தாள். "நீங்க இருக்கீங்கன்னுதான்க்கா நிம்மதியா அனுப்புறேன்."

குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குருவானவர் தன் உயிரையல்லவா கொடுத்தார்? நான் யார் வீட்டுப் பிள்ளைகளின் உயிரைக் கொடுக்கப் பார்க்கிறேன்? குழந்தையைத் தாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டி வண்டிச் சாவியை உருவினாள்.

"என்னக்கா பண்ற? சாவியக் குடு!"

"தர மாட்டேன். ஸ்கூலுக்கு போன் போடப் போறேன். வேற டிரைவர் வரட்டும்."

"நீயெல்லாம் ஒரு அக்காவா? என் சோத்துல மண்ணப் போடுறியே!"

"திட்டிக்கடா. எவ்வளவு வேணாலும் திட்டிக்க. சாவி மட்டும் வராது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. கூடப் பிறந்தவனின் பிழைப்பைத் தன் கையாலேயே கெடுக்கிறாளே.

அவன் கீழே குதித்துக் கதவை ஓங்கிச் சாத்தினான். வண்டியைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து சாவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அவனோ அவளைப் பார்க்காமல் உள்ளே இருந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போன வாரம் நாய் குறுக்க வந்துச்சுன்னு வண்டிய பிளாட்பாரத்துல ஏத்துனேனே" என்றான் மெதுவாக. "நாயே வரலக்கா."